"ஒருத்தருக்கும் அனுப்பாதை"

போன மாதம் ஒரு நண்பன் வட்சப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். இன்னும் வெளிவராத பாட்டு. பாடகர் ஆர் என்று இங்க சொல்லமாட்டேன், சொன்னால் இதை வாசிக்கிற அரைவாசிப் பேர் கட்டுரையை விட்டுட்டு அதைத் தேடப் போயிடுவீங்கள். பாட்டுக்குக் கீழே ஒரு வரி: "ஒருத்தருக்கும் அனுப்பாதை." அந்த வரிக்கு மேலே, பல தடவை கைமாறி வந்தது என்று காட்டுகிற அந்த இரட்டை அம்புக்குறி.

பாட்டு சுமார்தான். முடிக்காத பாட்டு, நடுவில் பாடகர் வரி மறந்து சும்மா முனகுகிறார். ஆனாலும் மூன்று தரம் கேட்டேன். இதே பாட்டு ஸ்பொட்டிஃபையில் வந்திருந்தால் ஒரு தரத்தோடு தாண்டிப் போயிருப்பேன். எனக்குப் பிடித்தது பாட்டில்லை, அது மற்றவையிட்ட இல்லை என்ற எண்ணம். இந்தப் புழுகம் நல்லதா கெட்டதா என்று யோசிக்கத் தொடங்கினால் நேரே நெடுந்தீவில் போய் நிற்கவேண்டியிருக்கு. அதுக்கு முதல் கொஞ்சம் வெளி உலகத்தைப் பார்த்துட்டு வருவம்.

ரசிகர்களுக்கு இது புதுப் பழக்கமில்லை. பிரின்ஸ் 1987 டிசம்பரில் ஒரு அல்பத்தை, இசைத்தட்டு அச்சடித்து முடிந்து கடைக்குப் போகிற நேரத்தில், வேண்டாம் என்று நிறுத்தினார். 'பிளக் அல்பம்' என்று பிறகு பெயர் எடுத்தது அதுதான். தப்பிப்போன சில பிரதிகளில் இருந்து ரேப் ரேப்பாகப் பெருகி, களவு இசைத்தட்டாக உலகம் முழுக்கச் சுற்றியது. கடைசியில் 1994 இல் அது முறையாக வெளிவந்தது. லானா டெல் ரேயின் 'சே யெஸ் ரு ஹெவன்' பல வருஷம் கள்ளமாகச் சுற்றித் திரிந்து, ரிக்ரொக்கில் பிடித்துக்கொண்ட பிறகு 2023 மே மாதம் வெளியானது. ரெய்லர் ஸ்விஃப்ற் 2021 இல் 'ஃபியர்லெஸ்' அல்பத்தைத் திரும்பப் பாடி வெளியிட்டபோது, பெட்டகத்தில் இருந்து எடுத்தது என்று சொல்லி முந்தி வெளிவராத ஆறு பாட்டைச் சேர்த்தார். வெளிவராத பாட்டு என்பது இப்ப நல்ல வியாபாரம்.

ஆனால் ஜெய் போலின் கதையும் இருக்கு. இந்திய வம்சாவளியில் வந்த லண்டன் பாடகர். 2013 ஏப்ரலில் அவருடைய முடிக்காத பாட்டுகளை ஆரோ பாண்ட்காம்பில் ஏற்றி விற்கத் தொடங்கினார்கள். அவர் இது நான் போட்டதில்லை என்று சொன்னார். சனம் கேட்கவில்லை, கொண்டாடியது. அந்த வருஷத்தின் நல்ல அல்பங்கள் என்று போட்ட பட்டியல்களில்கூட அது ஏறியது. மனுசன் அதோடு காணாமல் போனார். 2019 இல்தான் அதே பாட்டுகளைத் தன்ர பேரில் வெளியிட்டு, அந்தக் கசிவு தன்னை எப்படி உடைத்தது என்று ஒரு கடிதமும் எழுதினார். ரசிகர்களுடைய அன்புதான் அவரை ஆறு வருஷம் வாய்மூட வைத்தது. இதை வாசித்த நாளில் இருந்து, கசிந்த பாட்டு ஒன்று போனில் வந்தால் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும். மூன்று தரம் கேட்கிறது நிற்கவில்லை என்பது வேற கதை.

சரி, இனி எங்கட பக்கம்.

ஈழத்துப் பொப்பிசை என்று ஒன்று இருந்தது என்பதே எங்கட வயதுக்காரர் பலருக்குத் தெரியாது. 'சுராங்கனி' மட்டும் தெரியும், அதுவும் கிரிக்கெட் மைதானத்துப் பாட்டாக, இல்லாட்டி பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ் பாட்டாக. அதைப் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோன ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் இறந்தபோது, தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பழைய சினிமா வில்லன் ஒருவர் இறந்தார் என்ற மாதிரி எழுதின. இங்க எங்கட அப்பா அம்மாமாருக்கு அவர் சிலோன் மனோகர், பொப்பிசைச் சக்கரவர்த்தி. செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கி 1978 இல் வந்த 'வாடைக்காற்று' படத்திலயும் நடித்தவர்.

அவருக்கு முந்தியே 60களின் கடைசியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு வந்து விட்டார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' எல்லாம் அவருடையது. அது கர்நாடக இசையும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. பைலாவின் ஆறு தட்டுத் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழைத் தூக்கி வைத்த பாட்டு. அதே காலத்தில் சிங்களத்தில் கிளரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்ரோன்ஸ்' குழுவோடு கிற்றார் பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். 1970 இல் இருந்து 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளியில் இருந்து வருகிற பண்டங்கள் குறைய, உள்ளூர்ப் பாட்டுக்கு, உள்ளூர்ப் படத்துக்கு, உள்ளூர்ப் பத்திரிகைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் மெல்லிசைக்கும் பொப்பிசைக்கும் நேரம் கொடுத்தார்கள். கார்னிவேல், கோயில் திருவிழா, கலியாண வீடு என்று எங்கயும் இசைக்கோஷ்டிகள்.

இதில் எத்தனை பாட்டு இசைத்தட்டாக வந்தது? கைவிட்டு எண்ணலாம் என்று அந்தக் காலத்து ஆக்கள் சொல்லுவினம். இசைத்தட்டு வெட்டக் காசு வேணும், தமிழ்ப் பாட்டுக்கு முதல் போட ஒரு கொம்பனி வேணும், கொழும்பில் ஆளைத் தெரிய வேணும். மிச்சம் எல்லாம் றேடியோ நிலையத்து ரேப்பில் ஒருக்கா, மேடையில் ஒருக்கா, அவ்வளவுதான். இருந்ததிலயும் எவ்வளவு போனது என்று பாருங்கோ. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தது, அதோடு எத்தனையோ படச்சுருள் போனது.

ஆகவே 'வெளிவராத பாட்டு' என்று நாங்கள் சொல்லேக்க இரண்டு வேற வேற சாமானுக்கு ஒரே பேரை வைக்கிறம். பிரின்சும் ஜெய் போலும் வெளியிடாத பாட்டுகள் ஒரு வகை. அங்க பாடகர் வேண்டாம் என்றார். எங்கட பாடகர்கள் ஒருத்தரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மைக்குக்கு முன்னால நின்று ஆயிரம் பேருக்கு முன்னால வாய்விட்டுப் பாடினவை. பாடினதோடு அவை தங்கட பக்க வேலையை முடித்தாச்சு. அதைப் பிடித்துவைக்க ஒரு மெசின் மட்டும்தான் இல்லாமல் போனது. அந்த மெசின் சில வேளை சனத்துக்குள்ள ஒருத்தரிட்ட இருந்தது.

நெடுந்தீவு மாமாவிட்ட இருந்தது.

மாமா பிறந்தது வேலணை. கலியாணம் முடித்தது நெடுந்தீவில். வாலிப வயதில் அவரிட்ட ஒரு நஷனல் ரேப் றெக்கோடர் இருந்தது, முன்னால ஸ்பீக்கர், மேல கைபிடி. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கார்னிவேல் இரவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பொப் பாடகர் ஒருத்தருடைய நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். அந்தப் பாடகரின் பேரையும் போடேல்ல, காரணம் பிறகு சொல்லுறன். அதில் ஒரு பாட்டு வேற எங்கயும் இல்லை. யூரியூப்பில் இல்லை, பழைய கசற்களில் இல்லை, அந்தப் பாடகரின் ரசிகர்கள் எழுதி வைத்திருக்கிற பட்டியல்களிலும் இல்லை. கடைசிப் படகைத் தவறவிட்ட ஒருத்தன் இறங்குதுறையில் இருந்து மாமியார் வீட்டுக்குச் சாட்டுச் சொல்லப் பழகுகிற பாட்டு. சிரிப்புப் பாட்டுத்தான். ஆனால் குறிகட்டுவானில் படகுக்குக் காத்துக்கொண்டு நின்ற எவருக்கும் அது சும்மா சிரிப்பாய் இராது.

நான் அதைக் கேட்டது ஒரே ஒரு தரம், சின்ன வயதில். மாமா ஒரு மலிபன் பிஸ்கட் ரின்னைத் திறந்து, கசற்றை எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கிப்போட்டுப் போட்டார். முதல் கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல், ஆரோ விசிலடிக்கிறாங்கள், ஒரு குழந்தை அழுகுது. பிறகு கிற்றார். இரண்டாவது சரணம் தொடங்கினதும் மாமா டக்கென்று நிற்பாட்டிப்போட்டார். "இவ்வளவும்தான்" என்றார். நம்பினேன்.

அந்த ரின் வந்த பாதையையும் சொல்லவேணும். 1991 ஒக்டோபரில் இராணுவம் தீவுப்பகுதிக்கு வந்தபோது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுச் சனம் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடினது. காணி உறுதி, அடையாள அட்டை, நகை, ஒரு சட்டி. கசற் பெட்டியை ஆர் தூக்குவினம்? எத்தனையோ வீட்டில் அலுமாரியோட விட்டிட்டு வந்தவை, திரும்பிப் போகேக்க அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. மாமா தூக்கினார். அம்மம்மா அவரை அதுக்குப் பேசினவவாம். யாழ்ப்பாணத்தில் அப்ப மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் பாட்டு. சுற்றுகிறவர் களைத்தால் பாடகரும் களைத்துப்போய் அடித்தொண்டையில் பாடுவார் என்று அம்மா இப்பவும் சொல்லிச் சிரிப்பா. 1995 இடப்பெயர்வில் அந்த ரின் தென்மராட்சிக்கும் போய் வந்திருக்கு.

இரண்டு வருஷத்துக்கு முந்தி நான் இந்தப் பாட்டைக் கணினியில் ஏற்றி வைக்கவேணும் என்று மாமாவைக் கேட்டேன்.

"மாமா, ஒருக்காத் தாங்கோவன். கொப்பி எடுத்திட்டுப் பத்திரமாத் திருப்பித் தாறன்."

"கேக்கிறதெண்டா இஞ்ச வந்து கேள் பிள்ளை. கொண்டு போக விடமாட்டன்."

"வந்து கேக்கச் செற் வேலை செய்யுதோ?"

"இல்லை. பெல்ற் போச்சு. போட்டா ரேப்பைத் தின்னும்."

அதாவது கேட்கவும் ஏலாது, கொண்டுபோகவும் ஏலாது. எனக்கு வந்த கோவத்தில் இந்தக் கட்டுரையை அப்பவே எழுதத் தொடங்கினேன். தலைப்பு 'பதுக்கல்காரர்'. மாமாவுக்கும் 'ஒருத்தருக்கும் அனுப்பாதை' நண்பனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, பாட்டை விரும்புகிறோம் என்று சொல்லி எல்லாரும் விரும்புவது தங்கட கையில் அது இருக்கு என்பதைத்தான் என்று நாலு பக்கம் எழுதினேன். அதில் சில பகுதி எனக்கு இப்பவும் சரியாகத்தான் படுகுது, அதனால் அதை முதலில் சொல்லிடுறன்.

பழைய ஈழத்துப் பாட்டுச் சேர்க்கிற ஆக்களில் ஒரு பிரிவினர் இருக்கினம். அவையிட்ட ஒரு பாட்டு இருக்கு என்று ஊருக்கே தெரியும், ஆனால் கேட்கத் தரமாட்டினம். முப்பது செக்கன் மட்டும் ஏற்றுவினம், அதுக்கு மேலே தங்கட குரலில் தங்கட பக்கத்தின் பேரை இரண்டு தரம் சொல்லுவினம், மூலையில் தங்கட சின்னம். கிற்றார் அடிச்சவர் ஆர், பாட்டை எழுதினவர் ஆர் என்று ஒரு வரி இராது. கேட்டால், "முழுசாப் போட்டா எல்லாரும் எடுத்துப் போடுவாங்கள்" என்று பதில். எடுத்துப் போடட்டுமே! இது பொப் பாட்டு. நாலு பேர் கை தட்டிப் பாடத்தான் அதைக் கட்டினார்கள். 'சுராங்கனி' இன்றைக்கும் உயிரோட இருக்கிறதுக்குக் காரணம், அதை ஒருத்தரும் பூட்டி வைக்காததுதான். தமிழில் பாடினாங்கள், சிங்களத்தில் பாடினாங்கள், 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜா எடுத்தார், பஸ்சில் பின் சீற்றில் இருக்கிறவன் தகரத்தில் தட்டிப் பாடினான். கோயில் நகை மாதிரிப் பெட்டிக்குள் வைக்க அது வேற சாமான்.

இன்னொன்று, ரேப்புக்கு வயது போகுது. கசற் என்பது பிளாஸ்ரிக் நாடாவில் பசையோட ஒட்டி வைத்த இரும்புத் துருப்பொடி. உப்புக் காற்றில், ஈரத்தில், பசை இளகும், பூஞ்சணம் பிடிக்கும். சுற்றியபடியே வருஷக்கணக்காகக் கிடந்தால் ஒரு சுற்றில் உள்ள சத்தம் அடுத்த சுற்றில் பதிந்து, பாட்டுத் தொடங்க முதலே அதன் ஆவி மெல்லக் கேட்கும். C-90 நாடா C-60 ஐ விட மெல்லிசு, அதில் இது இன்னும் கூட. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிற பாட்டு உண்மையில் பெட்டிக்குள் செத்துக்கொண்டிருக்கு. தீவுகளில் எத்தனை வீட்டுத் தட்டில் இப்படிக் கிடக்குது என்று யோசித்தால் நித்திரை வராது.

இவ்வளவையும் எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டா, "கொண்ணன் உனக்கு முழுக்கப் போட்டுக் காட்டேல்லையோ?" என் அண்ணன் இல்லை, தன்ர அண்ணனைத்தான் அப்படிச் சொன்னா, யோசனையில் வாய் தடுமாறி.

கதை இதுதான். பெரிய மாமா 80களில் பிரான்சுக்குப் போனவர். அப்ப ரெலிபோன் எடுக்கிறது என்றால் ரவுனுக்குப் போய்க் காத்துக் கிடக்கவேணும், காசும் கூட. கடிதம் எழுத அம்மம்மாவுக்குக் கண் தெரியாது. அந்தக் காலத்தில் கன வீட்டில் செய்த மாதிரி, கசற்றில் பேசி அனுப்புவினம், அங்க இருந்து அவரும் பேசி அனுப்புவார். ஒரு நாள் வெறுங் கசற் இல்லை. மாமாவின் பாட்டுக் கசற்றை ஆரோ எடுத்துப் போட்டுவிட்டினம். பின்பக்கம் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் தட்டை உடைத்துவிட்டிருந்தால் மேலால் பதிந்திருக்காது. மாமா உடைக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் இருந்து அம்மம்மா பேசத் தொடங்குறா. அங்க குளிரோ, சாப்பிட என்ன, ஆர் சமைக்கிறது, சிவப்புக் கோழி அடைகாக்குது. பிறகு அழத் தொடங்கிட்டா. அழுத கசற்றை அனுப்பக்கூடாது, பிள்ளை கவலைப்படுவான் என்று வேறொன்று வாங்கிவந்து பேசி அனுப்பினவை. இது இங்கயே தங்கிப்போனது. அம்மம்மாவின் குரல் வேற ஒரு இடத்திலயும் இல்லை.

நான் எழுதின நாலு பக்கத்தை அழிக்கவில்லை, ஆனால் தலைப்பை மாற்றினேன்.

இதற்குப் பிறகும் எனக்கு அந்தப் பாட்டு வேணும் என்பது மாறவில்லை. மாமாவை இனிக் கேட்கக்கூடாது என்று அம்மா சொன்னதை நான் ஏற்கவில்லை. கேட்கிற விதத்தைத்தான் மாற்றவேணும். ஒரு கசற்றில் இரண்டு சாமான் இருக்கு. ஒன்று ஆயிரம் பேருக்கு முன்னால் பாடினது, அது ஊருக்குரியது. மற்றது ஒரு தாய் ஒரு மகனுக்குப் பேசி, பிறகு அனுப்பவேண்டாம் என்று முடிவெடுத்தது. ஜெய் போல் மாதிரி வேண்டாம் என்று சொன்னது இந்தக் கசற்றில் அம்மம்மா மட்டும்தான். அவவின் பேச்சை நான் கேட்கலாமா என்றுகூட எனக்குத் தெரியாது. பெரிய மாமா கேட்கலாம். அதை அவரிட்டத்தான் முதலில் குடுக்கவேணும், நாற்பது வருஷம் பிந்தினாலும்.

இப்படி இரண்டும் கலந்து கிடக்கிற கசற் எங்கட வீட்டில் மட்டுமில்லை. பழைய பாட்டுச் சேர்க்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லுறன்: ஒருத்தர் தரமாட்டன் என்றால் உடனே பதுக்கல்காரர் என்று எழுதாதேங்கோ. கசற்றின் மற்றப் பக்கத்தில் என்ன இருக்கு என்று கேளுங்கோ. கொண்டுபோகக் கேட்காமல் கருவியை அவையின்ர வீட்டுக்குக் கொண்டுபோங்கோ. எங்க தொடங்கவேணும், எங்க நிற்பாட்டவேணும் என்பதை அவையே விரல் வைத்துச் செய்யட்டும்.

கருவி ஒன்றும் பெரிசில்லை. தலை தேயாத ஒரு ரேப் டெக், கணினியில் சத்தம் ஏற்றுகிற ஒரு சின்னப் பெட்டி, இலவசமாகக் கிடைக்கிற ஓடாசிற்றி. போடமுதல் டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைக்கவேணும். கசற் கூடு ஒட்டியதாக இல்லாமல் ஆணி பூட்டினதாக இருந்தால் நல்லது, கழற்றி நாடாவைப் புதுக் கூட்டுக்கு மாற்றலாம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. எம்பி3 பிறகு எடுக்கலாம், முதலே எடுக்கவேண்டாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று பாட்டையும் நீக்கிப்போட வேண்டாம், அந்த விசிலும் அழுகிற குழந்தையும் இருக்கட்டும். எடுத்ததை ஒரு பென்டிரைவில் போட்டு அலுமாரியில் வைத்தால் திரும்பவும் பிஸ்கட் ரின் கதைதான். 2005 இல் இருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கிற நூலகம் நிறுவனம், ஒலி, படம், காணொளிகளுக்கு என்று 'ஆவணகம்' நடத்துது. அந்த மாதிரி இடத்தில் ஒரு பிரதி கிடக்கவேணும்.

பாடகரின் பேரை ஏன் போடேல்ல என்று சொல்லுறன் என்றேன். அவரிட்ட, இல்லாட்டி அவரின்ர பிள்ளைகளிட்ட இன்னும் கேட்கவில்லை. அவர் ஆயிரம் பேருக்கு முன்னால் பாடினார் என்பது எனக்குப் பெரிய நியாயமாகப் படுகுது, ஆனால் அது என்னுடைய நியாயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி எழுதினவரின் உரிமை அவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் இருக்கு. பாட்டை எழுதினவர் ஆர் என்றே எனக்குத் தெரியாது. கசற்றில் அறிவிப்பாளர் பாடகரின் பேரை மட்டும்தான் சொல்லுறார், எழுதினவரின் பேரை அந்தக் காலத்தில் ஆர் சொன்னது. அவை வேண்டாம் என்றால்? அப்ப பிரதி எடுத்து மூடி வைக்கிறதுதான். நான் சந்தோசப்படமாட்டேன், ஆனால் ஏற்றவும் மாட்டேன். பேரைப் போட்டால் இதை வாசிக்கிற ஒருத்தர் மாமாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நிற்பார் என்ற பயமும் இருக்கு. ரசிகர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருத்தர்தானே.

போன கிழமை மாமாவுக்கு எடுத்துப் பேசினேன். பாட்டைக் கேட்கவில்லை, அம்மம்மாவின் பேச்சைப் பற்றித்தான் கேட்டேன். கன நேரம் பேசினார். சிவப்புக் கோழி பிறகு ஒன்பது குஞ்சு பொரித்ததாம். பெரிய மாமாவுக்கு அந்தக் கசற்றைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் தெரியாதாம். பாட்டைப் பற்றி அவரேதான் தொடங்கினார்.

"டெக்கை இஞ்ச கொண்டு வா. வடதாரகையில வரேக்க உப்புத்தண்ணி படாமப் பொலித்தீன் சுத்திக் கொண்டு வா. நான்தான் போடுவன், நான்தான் நிப்பாட்டுவன்."

"சரி மாமா."

"அங்கால ரவுனில வெறுங் கசற் கிடைக்குமோ, பார். கிடைச்சா ஒண்டு வாங்கிக்கொண்டு வா."

"என்னத்துக்கு மாமா? கணினியிலதான் ஏத்தப்போறம்."

"உங்களுக்குக் கணினி. எனக்கொரு கொப்பி வேணுமெல்லோ. அந்தப் போன்ல எல்லாம் எனக்குக் கேக்கத் தெரியாது."